மூன்று மாத நோட்டீஸ்

எங்கள் மாடி வீட்டுக்குக் குடிவந்தவர்கள் யாரும் மாத வாடகை கொடுத்ததில்லை. எல்லாம் லீசுதான். ஒரு பெரிய தொகையை மொத்தமாக எங்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். மூன்று வருஷம் வாடகை இல்லாமல் இருந்துகொள்ளலாம். காலி செய்யும்போது அந்தத் தொகையை ஒரு ரூபாய் குறையாமல் நாங்கள் திருப்பித் தர வேண்டும். கோலார் தங்கவயலில், எங்கள் கே.ஜி.எஃப்.பில், பாதிப் பேர் இப்படித்தான் குடியிருக்கிறார்கள். மீதிப் பேர் இப்படித்தான் வீடு கட்டியிருக்கிறார்கள்.

நாங்கள் அந்த மீதிப் பேரில் சேர்த்தி. என் வீட்டுக்காரர் வரதன், மண் வாரும் ராட்சச வண்டிகள் செய்கிற ஃபேக்டரியில் முப்பத்தோரு வருஷம் லேத்தில் நின்றவர். ஒரு முடியின் கனத்துக்குத் தவறினாலும் பீஸைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார் என்று அங்கே அவருக்குப் பெயர். ரிடையர் ஆன பணத்தில் கோரமண்டல் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில் கீழ்வீட்டைக் கட்டினார். மாடி எழுப்பக் காசில்லை. கான்கிரீட் போடும் முன்பே ஒருத்தர் லீசுக்கு மூன்று லட்சம் கொடுத்தார். அவர் பணத்திலேயே அவர் தலைக்குமேல் கூரை போட்டோம். அவர் போகிறபோது அடுத்துக் குடிவந்த வால்டர் சார் மூன்றரை கொண்டுவந்தார். மூன்றை முன்னவருக்குக் கொடுத்து அனுப்பிவிட்டு அரையை நாங்கள் வைத்துக்கொண்டோம்.

அந்த அரை லட்சத்தைச் சம்பாதித்ததாகவே நினைத்தேன். அது எப்படிச் சம்பாத்தியம் ஆகும்? திருப்பிக் கொடுக்க வேண்டியது மூன்றிலிருந்து மூன்றரை ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். வீட்டு வரவுசெலவெல்லாம் என் பொறுப்பு. "செல்வமணி ரொம்பக் கறாரு" என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு. கறாரானவளுக்கு இந்தச் சின்னக் கணக்கு தெரியவில்லை. தெரிந்தாலும் தெரியாத மாதிரி இருந்தேன்.

வால்டர் சாருக்குப் பிறகு நாகேஷும் இந்துவும் வந்தார்கள். நாலு லட்சம். வால்டர் சாருக்கு மூன்றரையை எண்ணிக் கொடுத்தேன். மீந்த ஐம்பதாயிரம் எங்கள் மகள் ஷில்பாவின் பிரசவத்துக்குப் போனது. பெங்களூரில் நல்ல நர்சிங் ஹோம், ஏசி ரூம், ஒரு குறையும் வைக்கவில்லை.

நாகேஷ் ஊரிகத்து லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன். அவன் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இவன் ஒயிட்ஃபீல்டில் ஒரு குடோனில் சூப்பர்வைசர். இந்து பூதிகோட்டைக்காரி, அதே ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் பில் போடுகிறவள். இரண்டு பேரும் விடிவதற்குள் கிளம்பிக் கோரமண்டலில் ரயில் ஏறுவார்கள். காலையில் உட்கார இடம் கிடைத்துவிடும். சாயங்காலம் ஒயிட்ஃபீல்டில் ஏறும்போது ரயில் பெங்களூரிலிருந்தே நிரம்பி வரும். மாலூர் வரைக்கும், சில நாள் பங்காருப்பேட்டை வரைக்கும் நின்றுகொண்டேதான் வரவேண்டும். அந்த நாலு லட்சத்தில் இந்துவின் நகை இருந்தது, அவள் அப்பா பிரித்துக் கொடுத்த துண்டு நிலம் இருந்தது, இரண்டு பேரின் ஆறு வருஷச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். அவளே சொல்லியிருக்கிறாள்.

போன நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒன்றாகக் கீழே இறங்கி வந்தார்கள். இந்துவின் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"மூணாவது மாசம் ஆன்ட்டி" என்றாள்.

கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து. அவளைக் கட்டிக்கொண்டேன். உள்ளே ஓடிப்போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்துவந்து அவள் வாயில் போட்டேன். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அதில் ஒரு கலப்படமும் இல்லை. அதற்குள் நாகேஷ் தொண்டையைச் செருமினான்.

"டாக்டரம்மா டிரெய்ன்ல இவ்ளோ தூரம் நின்னுகினு வராதன்னு சொல்லிட்டாங்க ஆன்ட்டி. வேலய உட்டா பிரசவ லீவு சம்பளம் பூடும். அத்தான், காடுகோடில ஒரு ரூம் பாத்துகிறோம். கம்பெனிக்கு நடந்தே பூடலாம். லீசு அஞ்சு கேக்கறாங்க. கம்பெனில ஒண்ணு லோன் தர்றேன்னாங்க. இங்க மூணு வருஷம் ஆகஸ்டுலயே முடிஞ்சிட்ச்சி இல்ல, நீங்க அந்த நாலு குடுத்துட்டீங்கன்னா..."

"குடுத்துடலாம்ப்பா. அதுக்கின்னா" என்றேன். சொன்ன வேகத்திலேயே அடுத்ததும் வந்தது. "அக்ரிமென்ட்ல மூணு மாசம் நோட்டீஸ்னு போட்டுகீது. அதுக்குள்ள வேற ஆளு பாத்துடறேன்."

அவன் விரலை மடக்கினான். "அப்படின்னா பிப்ரவரி ஆவுதே ஆன்ட்டி. காடுகோடி ஓனரு டிசம்பர் வரைக்கும்தான் நிக்கறேன்னாரு. பத்தாயிரம் அட்வான்ஸ் குடுத்துகிறேன்."

"அதுக்குள்ளயே கெடச்சிடும், பாரு."

என்னிடம் பணமே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாங்க்கில் மூன்று லட்சம் இருந்தது. ஐந்து வருஷ டெபாசிட், மார்ச் இருபதாம் தேதி முடிகிறது. எங்கள் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று ஒதுக்கியது. மறுநாள் பாங்க்குக்குப் போய் விசாரித்தேன். கவுன்டரில் இருந்த மமதா என்கிற பெண் தட்டிப் பார்த்து, இப்போது உடைத்தால் வட்டியில் பதினாலாயிரம் குறையும் என்றாள். மீதி ஒரு லட்சத்துக்கு என் நகையை அடகு வைத்தால் கதை முடிந்தது. அன்று சாயங்காலமே நாகேஷ் கையில் நாலு லட்சத்தையும் கொடுத்திருக்கலாம்.

"குடுத்துடலாமே செல்வா" என்றார் வரதன். "புள்ளத்தாச்சிப் பொண்ணு."

"பதினாலாயிரம் யாரு குடுப்பாங்க? கீழ பின் போர்ஷன்ல வாடகைக்கு கீறவங்க குடுக்கற நாலாயிரம் மோட்டர் ரிப்பேருக்கும் வீட்டு வரிக்குமே சரியாப் போவுது. மூணு மாசம் டைம் எழுத்துல கீது. நான் இன்னா ஏமாத்தறேனா?"

வரவுசெலவை என்னிடம் விட்ட நாளிலிருந்து அவர் இரண்டாவது தடவை எதையும் சொன்னதில்லை. நான் சொன்னதும் எழுத்துப்படி சரிதான். ஒரு வக்கீல் வந்து பார்த்தாலும் என் பக்கம்தான் பேசுவார்.

மாடிக் கைப்பிடிச் சுவரில் 'லீசுக்கு வீடு' என்று போர்டு மாட்டினேன். போன் வந்தது, ஆனால் வந்தவர்கள் எல்லாம் மாத வாடகைக்குத்தான் கேட்டார்கள். ஐயாயிரம் தருகிறேன், ஆறாயிரம் தருகிறேன் என்றார்கள். மாதம் ஆறாயிரத்தை வைத்து நாலு லட்சத்தை எந்தக் காலத்தில் அடைப்பது? லீசு வீட்டுக்காரிக்கு மொத்தமாக ஒரு ஆள்தான் வேண்டும். வருகிறவன் பணம்தான் போகிறவனுக்கு. நடுவில் எங்கள் கையில் எதுவும் நிற்காது. இத்தனை வருஷம் இப்படி ஓட்டியதில் ஒரு தடவைகூட இடறாததால், இடறவே இடறாது என்று நம்பியிருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் இந்துவை நான் கவனித்துக்கொண்டேன். எப்படிக் கவனித்தேன் என்கிறீர்கள்! முருங்கைக்கீரைச் சூப்பு, மாதுளம்பழம், ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால், வாய்க்கசப்புக்கு எலுமிச்சை ஊறுகாய். புளிசாதம் கேட்டாள் என்று வேலூரிலிருந்து என் அக்கா அனுப்பிய புளியைக் கரைத்துச் செய்துகொடுத்தேன். பெற்ற தாய் இப்படிப் பார்ப்பாளா என்று தெருவில் சொன்னார்கள். பணத்தைத் தவிர மற்றதெல்லாம் கொடுத்தேன். கிண்ணத்தோடு மாடிப்படி ஏறும்போதெல்லாம் அந்த நாலு லட்சத்தில் கொஞ்சம் கழிந்துவிட்டதைப் போல எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. வெட்கம் கெட்ட நிம்மதி.

டிசம்பர் நடுவில் அனில் என்று ஒரு ஆள் வந்தான். கோலாரிலிருந்து பெங்களூருக்கு மாற்றலானவன், இங்கிருந்து ரயிலில் போய்வருகிறவன். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினான், தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தான், ஜன்னலைத் தட்டிப் பார்த்தான்.

"நாலு தர்றேன் ஆன்ட்டி. கேஷ் ரெடி. நாளைக்கே அக்ரிமென்ட் போட்டுக்கலாம்."

நாலு. நாகேஷுக்குத் தரவேண்டியது சரியாக நாலு. நான் தலையாட்டியிருந்தால் போதும். ஆனால் லீசு என்றால் ஆளுக்கு ஆள் அரை ஏற வேண்டும், எங்கள் வீட்டில் அதுதான் பழக்கம். மூன்று, மூன்றரை, நாலு. ஏறாவிட்டால் ஏதோ பறிபோன மாதிரி இருந்தது எனக்கு.

"நாலரைக்குக் கம்மி இல்லப்பா" என்றேன்.

"நாலுதான் ஃபைனல். ஆகுமா, ஆகாதா?"

"யோசிச்சிட்டு வா" என்று நாற்காலியை விட்டு எழுந்தேன். இரண்டு நாளில் திரும்பி வருவான், நாலேகாலில் முடிக்கலாம் என்று கணக்கு. அவன் ஊரிகத்தில் வேறு வீடு பார்த்து அந்த வாரமே பால் காய்ச்சிவிட்டான். வரதன் அன்றைக்குச் சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

டிசம்பர் கடைசியில் நாகேஷ் தனியாக இறங்கி வந்தான். "பொங்கல் வரைக்கும் டைம் கேட்டுகிறேன் ஆன்ட்டி. கெஞ்சிக் கூத்தாடி ஒத்துக்க வெச்சேன். எப்படியாச்சும்..."

"ஆளுங்க பேசிகினுதான் கீறாங்கப்பா" என்றேன். யாரும் பேசவில்லை. வாய் கூசாமல் சொன்னேன்.

ஜனவரியில் இந்துவின் கால் வீங்கியது. சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து வரும்போது நாகேஷ் இரண்டு பையையும் தூக்கிக்கொள்வான். அவள் மாடிப்படியில் ஒரு படி ஏறி, நின்று, மூச்சு வாங்கி, அடுத்த படி ஏறுவாள். நான் வாசலில் நின்று பார்ப்பேன். "ரயில்ல யாராச்சும் எழுந்து இடம் குடுக்கறாங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"சில பேரு குடுக்கறாங்க ஆன்ட்டி. சில பேரு போன் பாத்துகினு தூங்கறா மாதிரி இருந்துடறாங்க" என்று சிரித்தாள். "அவங்களும் பாவம், விடியக்காலம் எழுந்தவங்கதானே."

அப்படி ஒரு பெண். அவளுக்கு யார்மேலும் கோபம் வராது. அதுதான் என்னைப்போன்றவர்களுக்கு வசதியாகப் போய்விடுகிறது.

பொங்கல் முடிந்த மறுவாரம் வியாழக்கிழமை, ரயில் வரும் நேரத்துக்கு அவர்கள் வரவில்லை. கால் மணி நேரம் கழித்து நாகேஷ் போன் செய்தான். "ஸ்டேஷன்ல கீறோம்... அங்கிள வரச் சொல்லுங்க... ஆட்டோ..." என்றான். வரதன் செருப்பை மாட்டாமலே ஓடினார். நான் பின்னால் ஓடினேன். பிளாட்பாரத்து பெஞ்சில் இந்து குனிந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தன் துப்பட்டாவை அவள் மடியில் போர்த்தியிருந்தாள். இந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆவாது இல்ல ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆவாதும்மா" என்றேன்.

ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஐந்தாம் மாதம். பையன் என்று நர்ஸ் சொன்னாள். நாகேஷ் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். டாக்டரம்மா வெளியே வந்து, இது ரயிலால்தான் என்று சொல்ல முடியாது, வீட்டிலேயே படுத்திருந்தாலும் சில பேருக்கு நடக்கும், மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அந்த வார்த்தையை நான் பற்றிக்கொண்டேன். எத்தனை நாள் பற்றிக்கொண்டு இருந்திருப்பேனோ தெரியாது. வரதன் விடவில்லை.

மறுநாள் காலையில் பாங்க் புத்தகத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். டெபாசிட்டை உடைக்கிற பேப்பரில் அவர் கையெழுத்தை ஏற்கெனவே போட்டிருந்தார். பிறகு என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினார்.

"கழுத்துல கீறத கழட்டு" என்றார்.

முப்பத்து நாலு வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. தாலிக்கயிறு தவிர இருந்த சங்கிலியையும், இரண்டு வளையலையும் கழற்றிக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் நாலு லட்சமும் ஒரு ரெக்சின் பையில் எங்கள் பீரோவுக்கு வந்துவிட்டது. பதினாலாயிரம் போனது. போகட்டும் என்று இருந்தது. நவம்பரில் அதே பதினாலாயிரம் மலை மாதிரி தெரிந்தது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் புலப்படவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வீட்டில் உடனே பணத்தைக் கொண்டுபோய் நீட்ட முடியாது. பதினோரு நாள் பொறுத்தேன். இந்துவின் அம்மா பூதிகோட்டையிலிருந்து வந்து இருந்துவிட்டுப் போனபிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அந்தப் பையோடு மாடி ஏறினேன். வரதன் கீழேயே நின்றுகொண்டார். "நீயே குடு" என்றார்.

இந்து பாயில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. நாகேஷ் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. பையை அவர்கள் நடுவில் வைத்தேன்.

"நாலும் கீது. எண்ணிக்கோப்பா. நான் முன்னயே குடுத்துருக்கணும்."

மன்னிப்புக் கேட்க நினைத்திருந்தேன். படியேறும்போது வார்த்தைகளைக்கூடச் சேர்த்து வைத்திருந்தேன். அதற்கு முன்னாலேயே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் பயம் இருந்தது.

"நாங்க காலி பண்ணணுமா ஆன்ட்டி?" என்றான் நாகேஷ்.

"ஐயோ, இல்லப்பா. நீங்க கேட்டீங்க இல்ல, காடுகோடி வீடு..."

"அது வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. அட்வான்சும் பூடுச்சி. அதுவுமில்லாம, இப்ப அவ்ளோ கிட்டப் போய் இன்னா பண்ணப் போறோம்?"

இந்து அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இந்த மாதிரி ஆயிட்ச்சி, வீட்டுக்கு ஆவாதுன்னு நெனச்சீங்கன்னா சொல்லிடுங்க ஆன்ட்டி. அடுத்து வர்றவங்க கேப்பாங்க இல்ல. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

நான் பையையே பார்த்துக்கொண்டு நிற்பதை நாகேஷ் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான்.

"அனிலு எங்கூட டிரெய்ன்லதான் வர்றாரு ஆன்ட்டி" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "நீங்க நாலரை சொன்னீங்கன்னு டிசம்பர்லயே சொன்னாரு. இப்ப ரேட்டு அதானே, தப்பில்ல. டெலிவரிக்குன்னு அம்பதாயிரம் எடுத்து வெச்சிருந்தோம். ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் பூடுச்சி. முப்பத்தெட்டு கீது. பாக்கிய ரெண்டு மாசத்துல குடுத்துடறேன். நாலரைக்கே எழுதிக்கலாம். இன்னொரு மூணு வருஷம் இருந்துக்கறோம்."

டிசம்பரிலேயே அவனுக்குத் தெரியும். நாலு லட்சத்தோடு ஒருத்தன் வந்து வாசலில் நின்றதும், நான் அவனை அனுப்பிவிட்டதும் தெரியும். தெரிந்துதான் மாதக்கடைசியில் வந்து என்னிடம் கெஞ்சினான். நான் "ஆளுங்க பேசிகினு கீறாங்க" என்று சொன்னபோது தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். வீட்டுக்காரியிடம் வேறு எப்படிப் பேச முடியும் அவனால்? அவன் பணம் என் கையில் அல்லவா இருந்தது.

"நாலே போதும்" என்றேன்.

"நெஜமாவா ஆன்ட்டி?"

"நாலே போதும்ப்பா. ஏத்தல."

அவன் முகம் தெளிந்தது. இந்து எழுந்துவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உங்க மனசு யாருக்கு வரும் ஆன்ட்டி" என்றாள். அவள் கை சூடாக இருந்தது. நான் அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கையை எடுத்துவிடுவாளோ என்று இருந்தது. பையை நாகேஷே எடுத்து என் தோளில் மாட்டிவிட்டான்.

படியிறங்கினேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும், அதனால் எழுதுகிறேன். மூன்றாவது படியில் என் நெஞ்சு லேசாகிவிட்டது. நாலு லட்சமும் என்னிடமே இருக்கிறது. இன்னும் மூன்று வருஷத்துக்கு யாரும் வந்து கேட்கப் போவதில்லை. நாளைக்கே நகையை மீட்டுவிடலாம், மிச்சத்தை மறுபடியும் டெபாசிட்டில் போட்டுவிடலாம். இவ்வளவும் என் மனசில் ஓடி முடிந்த பிறகுதான் அந்தக் குழந்தையின் நினைவு வந்தது, அழுகையும் வந்தது. அழுகை முதலில் வந்திருக்கக் கூடாதா?

வரதன் கீழ்ப்படியில் நின்றுகொண்டிருந்தார். என் தோளில் இருந்த பையைப் பார்த்தார்.

"இன்னா சொன்னாங்க?"

"இங்கியே இருந்துக்கறாங்களாம்" என்றேன்.

கண்ணில் நீர் வழிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் என் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே கேட்டது. அவருக்கும் கேட்டுவிட்டது. பையை வாங்க நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அவர் உள்ளே போய்விட்டார்.